பூஜ்ய ரூபாய்ப் பிரயாணம்

பெங்களூரின் மேற்குப் பகுதியில், மல்லேசுவரத்தை ஒட்டிச் செல்லும் ரயில் பாதைக்கும் ராஜாஜி நகருக்கும் நடுவே நெருக்குண்டு கிடக்கும் ஸ்ரீராம்புரத்தில், பொழுது புலர்வதற்கு முன்பே ஜனசஞ்சாரம் தொடங்கிவிடுகிறது. சிட்டி மார்க்கெட்டில் பூ எடுத்துவந்து கட்டி விற்கிற ஸ்திரீகள் முதலில் புறப்படுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கிறவர்கள். அதற்குப் பிறகு, டிபன் டப்பாவைப் பையில் செருகிக்கொண்டு பீணியாவின் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிற பெண்கள். ஏழு மணி அடித்தபின் வீட்டு வேலைக்காரர்கள், பெயிண்டர்கள், கொத்தனார்கள், கடைச் சிப்பந்திகள். வேலூர், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கங்களிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இவர்களில் பலர். நகரத்தில் பஸ் கட்டணம் ஏறிற்றா, இறங்கிற்றா என்பது இவர்களுக்குப் பத்திரிகையில் படித்துவிட்டு மறந்துபோகிற செய்தியன்று; மாதக் கடைசியில் மளிகைக் கடைப் பாக்கியாகக் கண்முன் வந்து நிற்கிற விஷயம்.

இந்தப் பேட்டை உண்டான வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்த்தால்தான் இன்றைய பிரச்னையின் வேர் விளங்கும். 1880-களில் பெங்களூரில் நூற்பு ஆலைகளும் நெசவு ஆலைகளும் எழத் தொடங்கின. ஜனங்கள் பின்னி மில் என்று சுருக்கி அழைத்த பெங்களூர் உல்லன், காட்டன் அண்டு சில்க் மில்ஸும், ராஜா மில் என்று அழைத்த மைசூர் ஸ்பின்னிங் அண்டு மானுபாக்சரிங் மில்லும், பிற்பாடு மினர்வா மில்லும் ஆயிரக்கணக்கான தொழிலாளரை வேலைக்கு எடுத்துக்கொண்டன. ஆலைச் சங்கு காதில் விழுகிற தூரத்தில் குடியிருக்க வேண்டும் என்பதே தொழிலாளி வீடு பார்ப்பதற்கு அந்தக் காலத்தில் இருந்த விதி. நடந்து போனார்கள், நடந்து வந்தார்கள். பிரயாணச் செலவு என்ற இனமே அவர்களுடைய குடும்பக் கணக்கில் இருந்ததில்லை. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ராஜா மில் நின்ற இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது; மெட்ரோ ரயிலில் ஸ்ரீராம்புரத்துக்கு அடுத்த நிலையத்தின் பெயரிலும் அந்த மால்தான் இடம் பிடித்திருக்கிறது. வேலை பீணியாவுக்கும் பொம்மனஹள்ளிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பெயர்ந்தது. குடியிருப்பு மட்டும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது. வேலையும் வீடும் இவ்விதம் பிரிந்த நாளிலிருந்து பஸ் கட்டணமானது, மனிதன் விரும்பினால் செய்து விரும்பாவிட்டால் விட்டுவிடுகிற செலவாக இல்லாமல், கூலி கைக்கு வருமுன்பே அதிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும் ஒரு வரியாக மாறிவிட்டது. சட்டசபையில் எவரும் தீர்மானம் கொண்டுவந்து விதித்த வரியல்ல. நகரம் தன் போக்கில் விரிந்து, விரிந்த செலவை ஏழையின் தலையில் ஏற்றிய வரி. நகரங்கள் பஸ்ஸை இலவசமாகவோ மலிவாகவோ விட வேண்டுமா என்ற கேள்வியை இந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்பதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

2023-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி, முதன் மந்திரி சித்தராமையாவின் அரசாங்கம் தேர்தலில் வாக்களித்த ஐந்து உத்தரவாதங்களுள் முதலாவதாக, சக்தி என்ற திட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. கர்நாடகத்தில் வசிக்கிற பெண்கள் அனைவரும், நான்கு அரசாங்கப் போக்குவரத்துக் கழகங்களின் சாதாரண பஸ்களில் மாநிலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் கட்டணமின்றிப் போகலாம். ராஜஹம்சம் போன்ற சொகுசு வண்டிகளும், குளிர்சாதன வண்டிகளும் இதில் அடங்கா. அதற்கு முன்பு பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண மாதப் பாஸுக்கு 1,050 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் குனிந்திருந்து மாதம் பன்னிரண்டாயிரமோ பதின்மூன்றாயிரமோ வாங்குகிற ஒரு பெண்ணுக்கு இந்தத் தொகை என்ன என்பதை, சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம். பையனுடைய ட்யூஷன் பணம் என்று அவளே சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும்.

பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் இந்தத் திட்டத்தின் இயல்பு முழுவதும் ஒரு சாண் காகிதத்தில் தெரிந்துவிடுகிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து வருகிற வண்டியில் கண்டக்டர், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் மெஷினை ஏந்தி, முன்பக்கத்துப் பெண்கள் ஆசனங்களைத் தாண்டி நெருக்கித் தள்ளி வருகிறார். "ஆதார் தோர்சி அம்மா" என்று கன்னடத்தில் தொடங்கி, எதிரில் இருப்பவர் தமிழர் என்று முகத்தைக் கண்டதும், "எங்கேம்மா எறங்கணும்?" என்று தமிழுக்கு மாறிவிடுகிறார், இந்த நகரத்துக் கண்டக்டர்களுக்கு அது கைவந்த வித்தை. முந்தானை முடிச்சிலிருந்து நான்காக மடிந்து ஓரம் நைந்த ஆதார்ப் பிரதி வெளியே வருகிறது. அவர் அதைப் பார்த்தும் பாராமலும் மெஷினைத் தட்டுகிறார். ஏறிய இடமும் இறங்கும் இடமும் அச்சாகி, கட்டணம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் விழுந்த சீட்டு ஒன்று சுருண்டு வெளிப்படுகிறது. அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு உண்டு என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். சீட்டுக்குரிய கட்டணத்தைக் கழகம் கணக்கிட்டு அரசாங்கத்திடம் கேட்கிறது. அரசாங்கம் பொக்கிஷத்திலிருந்து அதைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. கட்டணம் ஒழிந்துபோகவில்லை, கொடுப்பவர் மாறியிருக்கிறார், அவ்வளவே. (சிவாஜி ராவ் என்ற இளைஞர், ரஜினிகாந்த் ஆவதற்கு முன், இதே நகரத்தில் இதே உத்தியோகத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர் என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டாத சங்கதி. அவர் காலத்தில் பூஜ்யச் சீட்டு இருந்ததில்லை.)

இரண்டே ஆண்டுகளில், 2025 ஜூலை மாதம், ஐந்நூறாவது கோடிச் சீட்டை முதன் மந்திரி தம் கையாலேயே வழங்கினார். தொடக்கத்தில் தர்மஸ்தலத்திலும் சாமுண்டி மலையிலும் பெண்கள் கூட்டம் பொங்கி வழிந்ததைப் பார்த்தவர்கள், "ஊர் சுற்றுவதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதே!" என்று அங்கலாய்த்தார்கள். ஆயுளில் தன் தாலுகாவைத் தாண்டாத ஒரு கிழவி மஞ்சுநாதரைத் தரிசித்துவிட்டு வந்தால் தேசத்துக்கு என்ன குறை வந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கோயிலுக்குப் போனவர்களைப் பற்றிய பேச்சில், தினந்தோறும் வேலைக்குப் போகிறவர்கள் மறைந்துபோனார்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம், மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்டுத் தொடங்கி, பின்னர் விடியல் பயணம் என்று பெயர் பெற்ற இதே போன்ற திட்டத்தை அம்மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்தபோது, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டது. ஸ்ரீராம்புரத்தில் இதற்குச் சமமான ஆராய்ச்சிக்கு எந்தக் குழுவும் வர வேண்டியதில்லை. முன்பு ராஜாஜி நகர் ஆறாவது பிளாக் வரையில் நடந்தே போய் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கியவள் இப்போது பஸ்ஸேறி விஜய நகர் வரை போய் மூன்றாவது வீட்டையும் பிடித்துக்கொள்ள முடிகிறது. தூரம் செலவாக இருந்தவரை அவளுடைய கூலியைத் தெருமுனை நிர்ணயித்தது. தூரத்துக்கு விலை இல்லாமல் போனபின், "இந்தச் சம்பளத்துக்கு முடியாதம்மா" என்று சொல்லுகிற துணிவு அவளுக்குச் சிறிதேனும் வந்திருக்கிறது.

கற்றவர்களிடையே அடிக்கடி கேட்கிற ஆட்சேபம் ஒன்று உண்டு: இலவசம் என்பது ஜனங்களைச் சோம்பேறிகளாக்குகிறது, பொக்கிஷத்தைக் காலி செய்கிறது என்பது. இந்த ஆட்சேபத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த வாகனத்தில் அமர்ந்தபடியே சொல்லுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். பெங்களூரில் பதிவான வாகனங்களின் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அவை ஓடுவதற்கு வீதியும், ஏறி இறங்க மேம்பாலமும், நிற்பதற்குத் தெருவோரமும் வேண்டும். ஒரே ஒரு மனிதரைச் சுமந்து செல்லும் கார் மல்லேசுவரம் சம்பிகே ரோட்டின் ஓரத்தில் பகல் முழுவதும் நிற்பதற்கு அடைத்துக்கொள்கிற நிலத்தின் வாடகை என்னவென்று எவரும் கேட்பதில்லை. ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை ஏறக்குறைய 17 கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் கார்கள் செல்லச் சுரங்கச் சாலை தோண்டப் போகிறார்கள். மதிப்பீடு 17,000 கோடி ரூபாய்க்கு மேல். சுங்கம் வைத்து வசூலிக்கப் போவதாகச் சொல்லுகிறார்கள் என்பதையும் நியாயத்துக்காகக் குறிப்பிட்டுவிடுகிறேன். மாநிலம் முழுவதிலும் உள்ள பெண்களின் ஒரு வருஷப் பிரயாணத்துக்காக 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியிருக்கும் தொகை 5,300 கோடி. முன்னது அபிவிருத்தி என்றும் பின்னது தானம் என்றும் பெயர் பெறுவதற்குக் காரணம் பொருளாதார சாஸ்திரத்தில் எங்கும் இல்லை.

ரயில்வேயின் சீசன் டிக்கெட்டை இலவசக் கலாசாரம் என்று எவராவது ஏசிக் கேட்டதுண்டா? அந்தச் சீசன் டிக்கெட் செய்கிற நன்மைக்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே பாதாளத்தில் இறங்கி உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு அற்றுப்போயிற்று. அந்த ஊர் அன்றே சூனியமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில், சலுகைச் சீசன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கானவர்கள் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வந்து வேலை செய்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். சுரங்கம் போனபின் அந்த ஊர் நிற்பது இந்தச் சீசன் டிக்கெட்டின் மேல். அதன் உண்மை விலையை ரயில்வே வசூலித்திருக்குமானால் இரண்டில் ஒன்று நேர்ந்திருக்கும்: ஊர் அழிந்திருக்கும், அல்லது அந்த ஜனத்திரள் முழுவதும் ஸ்ரீராம்புரம் போன்ற பேட்டைகளின் ஒண்டுக் குடித்தனங்களில் வந்து அடைந்திருக்கும். மலிவான கட்டணம் செய்கிற காரியம் இத்தகையது. அது வருமானக் கணக்கின் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

வெளிநாடுகளின் அனுபவம் என்ன சொல்லுகிறது என்று கேட்பது நம்மவர்களுக்கு வழக்கம். எஸ்தோனியாவின் தலைநகரான தாலின் 2013 ஜனவரியில் தன் குடிமக்களுக்குப் பஸ்ஸையும் டிராமையும் இலவசமாக்கிற்று. அங்கே ஒருவர் செலுத்தும் வருமான வரியில் ஒரு பங்கு அவர் பதிவு செய்துகொண்ட ஊராட்சிக்குச் சேரும் ஆகையால், இலவசத்தை முன்னிட்டுப் பலர் தாலினில் பதிவு செய்துகொள்ள, நகரசபை இழந்ததில் பெரும் பகுதி வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. ஆனால் கார் ஓட்டுகிறவர்கள் கூட்டமாகப் பஸ்ஸுக்கு மாறிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்புப் பலிக்கவில்லை. நடந்து போனவர்கள்தாம் அதிகமாகப் பஸ்ஸேறினார்கள். சீமான்களின் நாடான லக்ஸம்பர்க் 2020-இல் தேசம் முழுவதற்கும் இலவசம் என்று அறிவித்தது. போக்குவரத்துச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அங்கே கட்டணமாக வசூலாகி வந்தபடியால் அந்தத் தியாகம் பெரிதன்று. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரம் 1997-இல் தொடங்கி, செலவு தாளாமல் 2013-இல் நிறுத்திக்கொண்டது. அங்கே பிரயாணிகள் பன்மடங்கு பெருகியதற்குக் காரணம், இலவசத்தோடு கூடவே பஸ்களின் தொகையையும் அவர்கள் பெருக்கியிருந்தார்கள் என்பது.

இவை எல்லாவற்றையும்விட லண்டனின் கதையே நமக்குப் பாடமாகத் தக்கது. 1981-இல் லண்டன் பெருநகர சபையைக் கைப்பற்றிய தொழிற் கட்சியினர், அக்டோபரில் பஸ், சுரங்க ரயில் கட்டணங்களைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அதனால் வரும் நஷ்டத்தை வீட்டு வரியைக் கூட்டி ஈடுசெய்தார்கள். சுரங்க ரயிலே எட்டாத புரோம்லி என்ற புறநகர், "எங்கள் வரிப்பணத்தில் பிறருக்கு ஏன் மலிவு?" என்று வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், போக்குவரத்தைச் சிக்கனமாக நடத்த வேண்டும் என்று சட்டத்தில் கண்டிருந்த சொல்லுக்கு வியாபார முறைப்படி நடத்த வேண்டும் என்று பொருள் கொண்டு, குறைப்பைச் செல்லாததாக்கிவிட்டார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. ஜனங்கள் பஸ்ஸையும் ரயிலையும் விட்டுக் கார்களுக்குத் திரும்பினார்கள். பஸ் என்பது வியாபாரமா, குழாய்த் தண்ணீரையும் தெருவிளக்கையும் போன்ற நகரக் கடமையா என்பதுதான் அந்த வழக்கில் இருந்த உண்மையான விவாதம். அது இன்னும் எந்த நகரத்திலும் தீர்ந்தபாடில்லை.

நம் நகரத்தில் அந்த விவாதம் எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பதற்கு ஸ்ரீராம்புரத்து மெட்ரோ நிலையமே சாட்சி. 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து இந்தப் பேட்டையின் தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது. கீழே போகும் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் பூஜ்யம். மேலே போகும் ரயிலிலோ, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமை வகித்த குழுவின் சிபாரிசுப்படி, 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது. ஜனங்கள் கொதித்தபோது சில தூரங்களுக்குச் சற்றே குறைத்தார்கள். மாநில அரசாங்கம் மத்திய அரசாங்கத்தையும், மத்திய அரசாங்கம் மாநில அரசாங்கத்தையும் சுட்டிக் காட்டின. உச்சக் கட்டணம் குறையவில்லை, பிரயாணிகள் குறைந்தார்கள். பல்லாயிரம் கோடியைக் கொட்டிக் கட்டிய பாதையில் ஏழைத் தொழிலாளி ஏறாமல், சகாய விலையில் கடனுக்குக் கிடைக்கும் பழைய ஸ்கூட்டரை வாங்கிக்கொள்ளுகிறார் என்றால், மெட்ரோ கட்டியது எந்த நெரிசலைக் குறைப்பதற்கு? பஸ்ஸையும் ரயிலையும் ஒருசேர நிர்வகிக்கவென்று பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையம் ஒன்றைச் சட்டமியற்றி அமைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சீட்டு என்கிற எளிய காரியம் இன்னமும் நடந்தபாடில்லை.

ஆண்களின் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதி பஸ் கட்டணம் நூற்றுக்குப் பதினைந்து உயர்த்தப்பட்டது. பெங்களூர் பஸ்ஸில் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து ஆறாயிற்று, மாதப் பாஸ் 1,200 ரூபாய் ஆயிற்று. பத்தாண்டு காலமாகத் தொடாமல் வைத்திருந்த கட்டணம் என்பது உண்மையே. எனினும், மனைவியின் சீட்டில் மிச்சப்பட்டதன் ஒரு பகுதி கணவனின் சீட்டு வழியாகத் திரும்பப் போய்விட்டது. நாளுக்கு ஓரிடம் என்று வேலை தேடிப் போகிற பெயிண்டருக்கும், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் இத்தகைய இலவசம் இல்லை. மெஜஸ்டிக் வழியாகவும் ராஜாஜி நகர் வழியாகவும் ஷேர் ஆட்டோவும் ஆட்டோவும் ஓட்டிப் பிழைத்த தமிழ் டிரைவர்களின் வருமானம் படுத்துவிட்டது. 2023 செப்டம்பர் 11-ஆம் தேதி தனியார் வாகனச் சங்கங்கள் நடத்திய பந்த்தில் எழுப்பப்பட்ட குறைகளில் சக்தித் திட்டமும் ஒன்று. இவர்களுடைய கஷ்டம் மெய்யானது; ஆனால், பெண்களிடம் மறுபடி காசு வாங்கினால் அது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைவிடக் கூர்மையான அநீதி ஒன்று இந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை ஸ்ரீராம்புரத்துக்காரர்களைப் போல் வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். இந்தப் பேட்டைக்கு மருமகள்கள் இன்றும் திருப்பத்தூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வருகிறார்கள். தாலி கட்டிய மறுவாரமே கார்மெண்ட்ஸில் சேர்ந்துவிடுகிற அந்தப் பெண்ணின் ஆதாரில் தமிழ்நாட்டு விலாசம் இருப்பதால், ஒரே ஆசனத்தில் மாமியார் பூஜ்யச் சீட்டுடனும் மருமகள் காசு கொடுத்த சீட்டுடனும் உட்கார்ந்து போகிறார்கள். விலாசத்தை மாற்ற வேண்டுமானால் வாடகைப் பத்திரம் போன்ற அத்தாட்சி வேண்டும். ஒற்றை அறை வீட்டுக்குப் பத்திரம் எழுதித் தருகிற வீட்டுக்காரரை இனிமேல்தான் பிரமன் படைக்க வேண்டும். ஓசூர் எல்லையைத் தாண்டிவிட்டால் சங்கதி வேறு. தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்ஸில் எந்த ஊர், எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. பெண் என்றால் ஏறி உட்கார வேண்டியதுதான். ஸ்ரீராம்புரத்து மாமியாருக்கு அங்கேயும் இலவசம்! விருந்தாளிக்குக் காட்டுகிற இந்தத் தாராளத்தால் தமிழ்நாட்டுப் பொக்கிஷம் மூழ்கிவிடவில்லை என்பதைக் கர்நாடக அரசாங்கம் கவனித்தால் நல்லது. இங்கே குடியிருந்து இங்கே உழைத்து இங்கே வரி கொடுக்கிறவளிடம் அட்டை கேட்பது, திட்டத்தின் பெயரில் உள்ள சக்திக்குப் பொருந்தவில்லை.

இனி, பஸ்ஸைப் பற்றி. பெங்களூரில் முறையான பஸ் சர்வீஸ் 1940-இல் ஒரு தனியார் கம்பெனியாகத் தொடங்கி, 1950-களில் சர்க்கார் வசமாகி, 1997 ஆகஸ்டு 15-ஆம் தேதி மாநகரப் போக்குவரத்துக் கழகம் என்ற தனி உருவத்தை அடைந்தது. இன்று அதில் தினமும் சுமார் நாற்பது லட்சம் பேர் போகிறார்கள். வண்டிகளோ ஏழாயிரம் அளவிலேயே இருக்கின்றன. ஜனத்தொகை ஒரு கோடியைக் கடந்த நகரத்துக்கு இது போதாது என்பதைப் படிக்கட்டில் தொங்குகிறவர்களே சொல்லுவார்கள். இலவசச் சீட்டை அறிவித்துவிட்டுப் பஸ்ஸைப் பெருக்காமல் இருப்பது, ஊரெல்லாம் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் பந்திக்கு இருபது இலை போட்ட காரியமாக முடியும். கூட்டத்தைக் கண்டதும் பெண்கள் நிற்கிற நிறுத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தாமல் போய்விடுகிறார் என்ற புகாரும், "காசு கொடுக்கிறவனுக்கு இடமில்லையே" என்று ஆண்கள் முணுமுணுப்பதும், இரண்டும் ஒரே பற்றாக்குறையின் இரு குரல்கள். ஸ்ரீராம்புரத்தின் உட்தெருக்களிலோ பெரிய பஸ் திரும்பவே இடமில்லை. இங்கே வேண்டியது மெட்ரோ நிலையத்தையும் தேவய்யா பார்க்கையும் மல்லேசுவரத்தையும் தொட்டுக்கொண்டு கால் மணிக்கொன்றாகச் சுற்றிவரும் சிற்றுந்து. அப்படிப்பட்ட வண்டி வராததற்குக் கழகம் சொல்லுகிற காரணம் எப்போதும் நஷ்டம் என்பதே. எனக்குத் தெரிந்த வரையில் எந்தத் தெருவிளக்கும் லாபத்தில் எரிவதில்லை.

நஷ்டம் என்ற சொல் வந்துவிட்டபடியால் கடைசியாகக் கணக்கைப் பார்த்துவிடலாம். பூஜ்யச் சீட்டுக்கான பணத்தை அரசாங்கம் கழகங்களுக்கு முழுவதுமாகவும் உரிய தேதியிலும் கொடுத்தால் திட்டம் நன்றாக நடக்கும்; பாக்கி வைத்தால் கழகம் கடன் வாங்கும், உதிரிப்பாகங்கள் வாங்காமல் ஒத்திப்போடும், வேலையாட்களின் சம்பளத்தில் கை வைக்கும். 2025 ஆகஸ்டு 5-ஆம் தேதி மாநிலம் முழுவதும் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவர்கள் முன்வைத்த முதன்மையான கோரிக்கை, 38 மாதச் சம்பள உயர்வு நிலுவை. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் அது விரைவில் அடங்கிற்று என்றாலும், கண்டக்டரின் பாக்கியில் நடக்கிற இலவசம் இலவசமாகாது. ஒரு தொழிலாளியின் பிரயாண வரியை நீக்குவதற்காக இன்னொரு தொழிலாளியின் சம்பளத்தை நிறுத்திவைக்கலாகாது.

ஆகவே என் தீர்ப்பை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பெண்களின் இலவசம் நீடிக்க வேண்டும். அட்டை கேட்பது நிற்க வேண்டும். ஆண்களுக்கு இன்றைய மாதப் பாஸின் விலை பாதியாக வேண்டும். அதே பாஸ் மெட்ரோவிலும் செல்ல வேண்டும். இதற்கான பணம் கார் நிற்கிற தெருவோரத்துக்கு வாடகை வசூலித்தும், சுரங்கச் சாலை போன்ற ஆடம்பரங்களை ஒத்திப்போட்டும் வர வேண்டும். கண்டக்டரின் நிலுவையிலிருந்து வரக் கூடாது. எல்லோருக்கும் எல்லாம் இலவசம் என்று இன்றே அறிவிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அந்தப் பணத்தில் முதலில் மூவாயிரம் பஸ் வாங்கட்டும்.

பெங்களூரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்து, அவற்றுக்கு மேலே பெரும் பெங்களூர் ஆணையத்தை அமைத்திருக்கிறார்கள். தேர்தல் வரும்போது வேட்பாளர்கள் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளிலும் கைகூப்பி வருவார்கள். அவர்களில் சிலர் தமிழிலேயே பேசுவார்கள். வாசகர்களே, இலவசம் தருவீர்களா என்று அவர்களைக் கேட்காதீர்கள். அதற்கு ஆம் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் தெருவுக்குக் காலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் எத்தனை பஸ் விடுவீர்கள், அதற்குரிய பணத்தைக் கழகத்துக்கு எந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.